கோட்டின் மேலிருந்த துடுப்பு

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலை. யாழ்ப்பாணத்தில் எட்டு மணி. ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஒன்பதரை. ஸ்காபுறோவில் வளரும் என் பேரன் தொலைபேசியில் அழைத்து, "அம்மப்பா, கோல் அடிச்சாச்சு, எல்லாரும் துள்ளிக் கத்தியும் முடிஞ்சுது, இப்ப கோல் இல்லையாம்" என்று அழாக்குறையாகச் சொன்னான். ஐஸ் ஹொக்கி ஆட்டம். அவனுடைய அணி, 1967 இல் கிண்ணம் வென்றபின் நெடுங்காலம் வெறுங்கையுடன் வீடு திரும்பிக்கொண்டிருந்த ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ். கோல் ஏன் இல்லாமற் போனது என்று கேட்டேன். "ஓப் சைட். வீடியோவிலை பாத்துச் சொன்னவை" என்றான்.

அந்த விளையாட்டை நான் வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரிற் கண்டதில்லை. எனினும் பேரனுக்காகப் படித்துப் பார்த்தேன். பனித்தரையின் குறுக்கே ஓரடி அகலத்தில் நீலக்கோடு ஒன்று வரையப்பட்டிருக்கும். 'பக்' என்று அவர்கள் அழைக்கும் இறப்பர்த் தட்டு அக்கோட்டைக் கடக்கும் முன்னர், தாக்கும் அணியினர் எவரும் எதிரணியின் பகுதிக்குள் முழுமையாகப் புகுந்துவிடக் கூடாது. புகுந்தால் ஓப் சைட். 2013 பெப்ரவரி 18 ஆம் திகதி கொலராடோ அணியின் மற் டுஷேன் என்பவர், நாஷ்வில் அணிக்கெதிரான ஆட்டத்தில், கோட்டுக்குள் பல அடி தூரம் முன்கூட்டியே சென்று நின்று கோல் போட்டார். அரங்கிலிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. கொடி காட்டவேண்டிய கோட்டு நடுவருக்கு மட்டும் தெரியவில்லை. கோல் நின்றது. கொலராடோ 6-5 என்று வென்றது. 2015-16 பருவகாலத்தில், ஓப் சைட் குறித்துப் பயிற்றுநர் மேன்முறையீடு செய்து ஒளிப்பதிவைப் பார்க்கச் சொல்லலாம் என்ற விதி வந்தது. பின்னர் அதுவே தலைவலியாகிவிட்டது. நூலிழை வித்தியாசங்களைத் தேடி நிமிடக் கணக்கில் ஆட்டத்தை நிறுத்தினார்கள். கோட்டின் நேர்மேலே காலணியின் கத்தி பனியைத் தொட்டிருந்ததா, அல்லது ஒரு நெல்மணி உயரத்துக்குத் தூக்கப்பட்டிருந்ததா என்று ஆராய்ந்தார்கள். 2017 முதல், முறையீடு தோற்றால் இரண்டு நிமிடம் ஓர் ஆட்டக்காரரை இழக்கும் தண்டனை. 2020-21 இல் விதி மேலும் தளர்ந்தது: கால் அந்தரத்தில் இருந்தாலும் கோட்டின் நேர்மேலே இருந்தாற் போதும்.

பனித்தரையைப் பற்றி மேற்கொண்டு எழுத எனக்குத் தகுதியில்லை. ஆயின் கோட்டைப் பற்றி எழுதலாம். கோடு யாருக்குச் சொந்தம் என்பதில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது. எங்கள் ஊர்க் கிளித்தட்டில் கோடு மறிப்பவனுக்குச் சொந்தம். அவன் கால் கோட்டைவிட்டு விலகித் தொட்டால் அந்தத் தொடுகை செல்லாது. விலகியதா இல்லையா என்பதற்காக நிலவு வெளிச்சத்தில் நாங்கள் பட்ட பாட்டுக்கும் பட்ட அடிக்கும் கணக்கில்லை. உதைபந்தாட்டத்திற் கோடு மைதானத்துக்குச் சொந்தம். பந்து முழுவதும் கடந்தாலன்றிக் கோல் இல்லை. ஐஸ் ஹொக்கியிற் கோடு தாக்குபவனுக்குச் சாதகம். கிரிக்கெட்டில் அப்படியல்ல. துடுப்பின் நுனியோ உடலின் ஒரு பகுதியோ கோட்டுக்கு உள்ளே தரையைத் தொட்டிருக்கவேண்டும். கோட்டின் மேல் இருந்தால் ஆட்டமிழப்பு. இதைப் பள்ளிக்கூடத்திற் படிக்காதவர்களே மைதானத்தைச் சுற்றி அதிகம் நின்று கூச்சலிடுவார்கள். அவர்களுள் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

கோட்டருகே நிகழ்வதைத் தொலைக்காட்சியிற் பார்த்துத் தீர்ப்பளிக்கும் 'மூன்றாம் நடுவர்' என்ற ஏற்பாடு, டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதலாக 1992 நவம்பரில் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் நடைமுறைக்கு வந்தது. நிறவெறிக் கொள்கையால் விலக்கிவைக்கப்பட்டிருந்த தென்னாபிரிக்கா, மீண்டும் சேர்க்கப்பட்டபின் சொந்த மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட் அது, எதிரணி இந்தியா. இரண்டாம் நாள், 11 ஓட்டங்கள் எடுத்திருந்த சச்சின் டெண்டுல்கர் ஓட்டமொன்றுக்குப் புறப்பட்டுத் திரும்பி ஓடினார். ஜொன்டி ரோட்ஸ் எறிந்த பந்தைப் பற்றி அன்ட்ரூ ஹட்சன் விக்கெட்டைத் தகர்த்தார். களநடுவர் சிரில் மிச்லி தாமே தீர்ப்பளிக்காது, தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த கார்ல் லீபன்பேர்க்கிடம் கேட்டார். பதில் ஆட்டமிழப்பு என்று வந்தது. ஒளிப்பதிவின் துணையுடன் ஆட்டமிழந்தவராக அறிவிக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் டெண்டுல்கர்.

பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. இலங்கையரே பலர் அறியாதது. மூன்றாம் நடுவர் என்ற எண்ணத்தின் கர்த்தாவாகப் பரவலாகக் குறிப்பிடப்படுபவர் மஹிந்த விஜேசிங்க என்ற இலங்கையர். உள்ளூர்ப் போட்டிகளில் ஆடியவர், பின்னாளிற் கிரிக்கெட் எழுத்தாளர். கொழும்பிலிருந்து முளைத்த ஒரு யோசனை டர்பனிற் காய்த்தது என்று சொல்லலாம்.

அந்த நவம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதையும் குறித்துவைக்கவேண்டும். 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போருடன் மின்சாரம் போயிற்று. ஆனையிறவு மூடப்பட்டது, 1991 இல் பூநகரியை இராணுவம் கைப்பற்றியபின் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டது. எஞ்சியது கிளாலிக் கடல்நீரேரி ஒன்றே. இரவில், விளக்கின்றி, சிறு படகுகளிற் சனங்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். கடக்காமற் போனவர்களும் உண்டு. அந்தப் படகுகளில் வரும் கொழும்புப் பத்திரிகை கைக்குக் கிடைக்கும்போது பழையதாகியிருக்கும். பற்றறிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப்போவார். ஒரு மனிதன் கோட்டைக் கடந்தானா இல்லையா என்று பார்க்க உலகின் ஒரு மூலையில் தொலைக்காட்சியைத் துணைக்கழைக்கிறார்கள் என்ற செய்தியை, நான் குப்பிவிளக்கின் வெளிச்சத்தில் ஒரு பழைய பத்திரிகையிற் படித்தேன். சிரிப்பு வந்தது. பொறாமையும் வந்தது.

ஒளிப்பதிவு எல்லாவற்றையும் காட்டிவிடும் என்பதும் அந்நாளில் மெய்யில்லை. அக்காலத் தொலைக்காட்சிப் படம் வினாடிக்கு 25 சட்டங்கள் கொண்டது. விரைந்தோடும் ஆட்டக்காரர் வினாடிக்கு ஏழு மீற்றர் கடக்கிறார் என்று கொள்வோம். ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையில் அவர் 28 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறார். அதாவது ஒரு படத்தில் துடுப்பு கோட்டுக்கு வெளியே, பெயில் அசையவில்லை. அடுத்த படத்தில் துடுப்பு உள்ளே, பெயில் பறந்துவிட்டது. எது முந்தியது? அந்த இருபத்தைந்தில் ஒரு பங்கு வினாடியின் இருட்டுக்குள் எவராலும் எட்டிப் பார்க்க இயலாது. பின்னாளில் வினாடிக்கு நூற்றுக்கணக்கிற் படம்பிடிக்கும் கமராக்களும், கழன்றவுடன் ஒளிரும் பெயில்களும் வந்து அந்த இருட்டைச் சுருக்கின. முற்றாக நீக்கின என்று சொல்வதற்கில்லை.

கருவி இருந்தாலும் கேட்க மனம் வேண்டும். டர்பனை அடுத்து ஜொகன்னஸ்பேர்க்கில் நடந்த டெஸ்டில், ரோட்ஸ் 28 ஓட்டங்களில் இருந்தபோது ரன் அவுட் முறையீடு எழுந்தது. களநடுவர் ஸ்டீவ் பக்னர் தொலைக்காட்சியைக் கேட்கவில்லை. ஆட்டமிழக்கவில்லை என்று தாமே தீர்ப்பளித்தார். ஒளிப்பதிவோ அவர் வெளியே நின்றதைக் காட்டியது. ரோட்ஸ் 91 வரை சென்றார். பக்னரைப் பலர் ஏசினர். நான் ஏசமாட்டேன். வாழ்நாள் முழுதும் கண்ணை நம்பித் தொழில் செய்த ஒருவரிடம், உன் கண்ணை இனிப் பெட்டியிடம் அடகுவை என்றால், முதல் மாதத்திலேயே அவர் வைத்துவிடுவாரா?

இனி என் கதை. 1970களின் நடுப்பகுதி. பத்திரிகையொன்றில் இளம் விளையாட்டு நிருபராக இருந்தேன். எமது பாடசாலைத் துடுப்பாட்டம் எத்தகையது என்பதை வெளியூர் வாசகர் பொருட்டுச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் போர்' 1904 இல் தொடங்கியது. இலங்கை டெஸ்ட் அந்தஸ்தைப் பெற்று முதற்போட்டி ஆடியது 1982 பெப்ரவரி 17 இல். அதற்கும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் முந்தியது எங்கள் பழக்கம். (ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கியது அந்த டெஸ்டுக்கு இரண்டே நாள் முன்னர். அந்த டெஸ்ட் நடைபெற்ற மைதானமோ சரவணமுத்து என்ற தமிழரின் பெயர் தாங்கியது. அங்கு நின்ற இரு நடுவர்களுள் ஒருவர் கே. ரி. பிரான்சிஸ் என்ற தமிழர். இத்தகைய தகவல்களைச் சேர்த்துவைப்பது கிழட்டு நிருபரின் நோய், பொறுத்தருள்க.) கல்லூரிப் போட்டி என்றால் கடைகள் பாதி பூட்டியிருக்கும். பழைய மாணவர்கள் கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் வந்திறங்குவார்கள். பப்பரவாத்தியம், கொடிகள், மரங்களின் கிளைகளெல்லாம் சிறுவர்கள்.

நான் சொல்லும் போட்டி மேற்சொன்னதன்று; கல்லூரிகளின் பெயர் வேண்டாம். இறுதிநாள் மாலை. கடைசி விக்கெட் சோடி. சமன் செய்ய இன்னும் இரண்டு ஓட்டங்கள். பந்தைத் தட்டிவிட்டு ஓடிய மாணவன் இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பினான். பந்து வந்தது, விக்கெட் சரிந்தது, நடுவர் விரலை உயர்த்தினார். அவர் அயற்கிராமத்துக் கணித ஆசிரியர் ஒருவர். வெள்ளைக் காற்சட்டை, வெயிலிற் கறுத்த முகம், பேச்சுக் குறைவு. கூட்டம் உள்ளே புகுந்தது. அவரை எவரும் அடிக்கவில்லை. ஆனால் அவருடைய தொப்பியை யாரோ பறித்தெடுத்து எறிந்தார்கள். எல்லையோரத்து வேப்பமரத்தின் கீழிருந்த என் கண்ணுக்குத் துடுப்பு கோட்டுக்குள் வந்துவிட்டதாகவே தெரிந்தது. அன்றிரவு எழுதினேன். கோட்டைக் கடந்த மாணவன் நடுவரின் அவசரத்துக்குப் பலியானான் என்ற கருத்துப்பட, அக்காலத்து என் அலங்கார நடையில், நன்றாகவே எழுதினேன். மறுநாள் சந்தியில் நின்று மக்கள் அதனை உரத்து வாசித்ததைக் கண்டு நான் மகிழ்ந்ததும் உண்மை.

மூன்றாம் நாள் எங்கள் புகைப்படக்காரர் ஈரம் காயாத படமொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். விக்கெட்டுக்கு நேர்ப் பக்கவாட்டில் நின்று எடுத்தது. பெயில்கள் அந்தரத்தில். மாணவன் முழு நீளத்துக்குப் பாய்ந்திருக்கிறான். துடுப்பின் நுனி சுண்ணாம்புக் கோட்டின் மேல். உள்ளே அன்று, கோட்டின் மேல். ஆட்டமிழப்பு. சந்தேகத்துக்கு ஒரு நூல் இடமுமில்லை. ஆசிரியபீடத்திற் காட்டினேன். போட்டி முடிந்துவிட்டது, அடுத்ததைப் பார் என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் இரண்டங்குலத் திருத்தமாவது வந்திருக்கும். படத்தின் நெகட்டிவைப் புகைப்படக்காரரிடம் கேட்டு வாங்கி, ஓர் உறையிலிட்டு, வீட்டு அலுமாரியில் வைத்தேன். எதற்காக வைத்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்த நடுவர் அதன்பின் எந்தக் கல்லூரிப் போட்டிக்கும் வரவில்லை. அழைத்தும் மறுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டதை நான் இங்கு விவரிக்கப்போவதில்லை. மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி, அடிமேல் அடி வைத்து நடந்தவர்கள் அறிவார்கள். தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையின் மூலையில் எங்கள் குடும்பத்துக்கு இடம் கிடைத்தது. டிசம்பர் 5 ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் இராணுவத்தினர் கொடியேற்றினர் என்று கேள்விப்பட்டோம். அந்த மாதம் 26 ஆம் திகதி மாலை, பாடசாலை முற்றத்தில் ஒரு பையன் சைக்கிள் மிதிக்க, வானொலியைச் சுற்றி இருபது பேர் குந்தியிருந்தோம். போர்ச் செய்திகளின் முடிவில் விளையாட்டுச் செய்தி வந்தது. மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் டரல் ஹேர், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று கூறி ஏழு தடவை 'நோ போல்' அறிவித்தாராம். அதையும் பந்துவீச்சு முனையில் நின்றபடியே அறிவித்தாராம். குந்தியிருந்தவர்கள் கொதித்தார்கள். இலங்கை அணிக்காகவோ எதிராகவோ அன்றைய நிலையில் ஆளுக்கொரு மனம். ஆயினும் கண்டித் தமிழ்ப் பையன் ஒருவனைக் கள்ளன் என்றது எல்லோரையும் சுட்டது.

என் பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக, "பந்து போடுற பக்கம் நிண்டு முழங்கையைப் பாக்கேலாது" என்றது. திரும்பிப் பார்த்தேன். இருபது ஆண்டுகள் கூடிய அதே முகம். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"தம்பி, நீர் அண்டைக்கு எங்கை இருந்து பாத்தனீர்?" என்று கேட்டார். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"வேப்பமரத்துக்குக் கீழை, சேர்."

"அங்கை இருந்து பாத்தா உள்ளுக்கை வந்தமாதிரித்தான் தெரியும்" என்றார். பின், "மட்டை கோட்டிலை இருந்தது. கோடு மட்டைக்காரன்ரை இல்லை, தம்பி" என்றார்.

படத்தைப் பற்றிச் சொன்னேன். நெகட்டிவ் இன்னமும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது, ஊருக்குத் திரும்பியதும் கொண்டுவந்து காட்டுகிறேன், பத்திரிகையிலும் போடுகிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிள் மிதித்த பையன் களைத்துவிட்டான். வானொலி தேய்ந்து நின்றது. 1996 ஏப்ரலில் ஊருக்குத் திரும்பியபோது அலுமாரி இருந்தது. கூரை இருக்கவில்லை. அலுமாரியின் கீழ்த்தட்டில், மழையில் ஊறிக் கட்டியாகிப்போன ஒரு கடுதாசிக் குவியல். அதனுள் எது நெகட்டிவ், எது என் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று பிரித்தறிய முடியவில்லை. ஆசிரியர் தென்மராட்சியிலிருந்து வன்னிக்குச் சென்றுவிட்டதாக அறிந்தேன். பிறகு அவரைக் காணவில்லை.

முரளிதரனுக்கு ஒளிப்பதிவு கைகொடுத்தது. 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் பல கமராக்களால் அவரது கையைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கை அது. ஒரே கோணத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எறிவதுபோன்ற மாயத்தோற்றத்தைத் தருகிறது என்று முடிவு வந்தது. அதன்பின்னரும் 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் றொஸ் எமர்சன் நோ போல் அறிவிக்க, அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார். 2004 இல் மீண்டும் சோதனை. அவ்வாண்டு நடந்த ஆய்வுகளின் முடிவு விநோதமானது: உலகின் பந்துவீச்சாளர் ஏறக்குறைய எல்லோருமே கையைச் சிறிதளவு நிமிர்த்துகிறார்கள், கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. எனவே எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை என்று வரம்பு வைத்தார்கள். ஒருவனைப் பிடிக்க வைத்த கமரா ஊரையே பிடித்துவிட்டது. 2010 ஜூலையில் காலியில் தமது 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்துவிட்டு முரளிதரன் விடைபெற்றார்.

மூன்றாம் நடுவர் ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. கேட்கும் உரிமை களநடுவருக்கே, பாதிக்கப்பட்டவனுக்கு இல்லை. நீதிமன்றத்தில் வழக்காளிக்கு மேன்முறையீட்டு உரிமை இருப்பதுபோல் ஆட்டக்காரருக்கும் வேண்டும் என்று எழுதியவரும் ஓர் இலங்கையரே. சட்டத்தரணி சேனக வீரரத்ன 1997 மார்ச் 25 ஆம் திகதி 'த ஒஸ்ட்ரேலியன்' பத்திரிகையில் வெளியான கடிதமொன்றில் இக்கருத்தை முன்வைத்தார். பின்னாளில் வந்த மீளாய்வு முறையின் மூலகர்த்தா தாமே என நெடுங்காலம் உரிமை கோரினார். சர்ச்சை ஒருபுறமிருக்க, சட்டத்தரணி ஒருவருக்கே அந்த எண்ணம் தோன்றியதில் எனக்கு வியப்பில்லை. நாங்கள் வேலிச்சண்டைக்கும் உயர்நீதிமன்றம் வரை செல்லும் மக்களல்லவா?

அது நடைமுறைக்கு வரப் பதினொரு ஆண்டுகள் சென்றன. உடனடிக் காரணம் 2008 ஜனவரியில் நடந்த சிட்னி டெஸ்ட். 30 ஓட்டங்களில் இருந்த அன்ட்ரூ சைமண்ட்ஸ் விக்கெட் காப்பாளரிடம் பிடிகொடுத்ததைக் களநடுவர் கவனிக்கவில்லை. சைமண்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 162 எடுத்தார். இந்தியா கொதித்தெழுந்தது. அடுத்த டெஸ்டிலிருந்து நீக்கப்பட்ட அந்த நடுவர் வேறு யாருமல்லர், ஜொகன்னஸ்பேர்க்கில் பெட்டியைக் கேட்க மறுத்த அதே பக்னர்.

அவ்வாண்டு ஜூலையில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான டெஸ்ட் தொடரில் மீளாய்வு முறை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது. ஓர் இன்னிங்ஸில் மூன்று முறையீடுகள் தோற்கும்வரை கேட்கலாம். பிடிகொடுத்து ஆட்டமிழந்தார் என்று மார்க் பென்சன் அளித்த தீர்ப்பை எதிர்த்த திலகரத்ன டில்ஷான் முதலில் வென்றார். ஆட்டமிழக்காது 125 ஓட்டங்கள் எடுத்தார். முறையீட்டினால் ஆட்டமிழந்த முதலாமவர் வீரேந்திர சேவாக், பந்துவீசியவர் முரளிதரன். ஒரு காலத்தில் நடுவரின் கண்ணால் கள்ளனாக்கப்பட்டவர், நடுவரின் கண்ணுக்குத் தப்பிய விக்கெட்டைக் கமராவிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டார். அத்தொடரில் இலங்கையின் முறையீடுகள் 11 வென்றன. இந்தியாவுக்கு வென்றது ஒன்றே ஒன்று. தொடரும் 2-1 என்று இலங்கைக்கு. அதன்பின் எட்டாண்டுகள் இந்தியா அந்த முறையையே வேண்டாம் என்று ஒதுக்கி, 2016 இறுதியில் இங்கிலாந்துத் தொடரிற்றான் ஏற்றுக்கொண்டதற்குக் காரணங்களை அறிஞர்கள் பலவாறு எழுதியுள்ளனர். நான் அந்த 11 இற்கும் 1 இற்கும் மேல் தேடுவதில்லை.

கொழும்பில் அது நடந்த நாட்களில் வன்னியில் போர் இறுதிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏ-9 பாதை 2006 ஓகஸ்டிலிருந்து மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு நேரத்துக்கு முன் வீடு சேர்வதே அன்றைய ஆட்டம்; எனினும் மின்சாரம் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது. சேவாக் நடந்து செல்வதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கணித ஆசிரியரின் நினைவுதான் வந்தது. அவர் அப்போது எங்கிருந்தாரோ.

உதைபந்தாட்டத்தில் 2018 உலகக் கிண்ணத்தில் வீடியோ நடுவர் வந்தார். 2022 இல் கட்டாரில், தொடக்க ஆட்டத்தின் முதற்சில நிமிடங்களுக்குள் எக்குவடோரின் என்னர் வலென்சியா தலையால் முட்டிப் போட்ட கோலை, சக ஆட்டக்காரர் ஒருவரின் கால் முன்னே நீட்டியிருந்ததென்று கண்டு கணினியே தட்டிவிட்டது. என் பேரனுக்கு நேர்ந்தது அங்கு ஒரு நாட்டுக்கே நேர்ந்தது.

எங்கள் கல்லூரிப் போட்டிகளுக்கு மூன்றாம் நடுவர் இல்லை. ஆனால் இணையத்தில் நேரலை உண்டு. வடக்கின் போரைப் புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நித்திரை முழித்திருந்து பார்க்கிறார்கள். அண்மையில் ஒரு மார்ச் மாதம் மத்திய கல்லூரி மைதானத்துக்குச் சென்றிருந்தேன். ஒரு பக்கம் நூலகத்தின் வெள்ளைக் கோபுரம், அப்பால் கோட்டை, பண்ணைக் கடற்காற்று. பிற்பகலில் ஒரு ரன் அவுட். நடுவர் விரலை உயர்த்தினார். இளைஞர், முப்பது வயதுகூட இராது. கூட்டம் வழமைபோல் கூவியது. எனக்கு அருகிலிருந்த பையன் கைபேசியில் நேரலையை ஓட்டிப் பின்னுக்கிழுத்து, "அவுட் இல்லை ஐயா, பாருங்கோ, பாருங்கோ" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினான். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தேன். திரையில் வெயில் விழுந்து கிடந்தது. கையால் மறைத்துப் பார்த்தேன். பந்துவீச்சு முனைக்குப் பின்னாலிருந்து, தூரத்தே, ஒரே ஒரு கமரா எடுத்த படம். கோடு எங்கே என்பதே தெரியவில்லை.

"தம்பி, இது எங்கை நிண்டு எடுத்தது?" என்று அவனைக் கேட்டேன்.